சரசக்கா வாங்கிய உழவு இயந்திரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பாரிசில் எங்கள் ஆக்களின் கடைத்தெருவான லாச்சப்பலில், எங்கள் மரக்கறிக் கடைக்கு முன்னால் சரசக்காவின் வெள்ளை வான் வந்து நிற்க வேண்டும். அவருடைய வெண்டிக்காய்க்கும் பச்சை மிளகாய்க்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். வான் வரவில்லை. பதினொரு மணியளவில் அவருடைய மகள் மதுரா தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, அம்மா செத்துப் போட்டா. விடிய, ஆஸ்பத்திரியிலை."

பிரான்சில் பிறந்த பிள்ளை. சாவைச் சொல்ல நாங்கள் வைத்திருக்கும் மெத்தென்ற சொற்கள் அவளுக்குத் தெரியாது. ஒதுக்கி வைத்த இடத்தை அன்று முழுவதும் வெறுமையாகவே விட்டேன்.

சரசக்கா பரந்தனில் பிறந்தவர். தகப்பனிடம் உழவு இயந்திரம் இருந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் இவரே அதை ஓட்டி, இவரே பழுது பார்த்தார். பாரிசுக்கு வந்தபின் இருபது வருடங்கள் அலுவலகங்களைத் துடைத்துக் கழுவினார். குடியிருந்தது புறநகரான லெ பிளாங்-மெனிலில் நான்காம் மாடியில். கணவர் காலமாகி, ஊரில் போரும் முடிந்து, திரும்பிப் போகும் எண்ணமும் விட்டுப்போன பிறகு, பாரிசுக்கு வடக்கே மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த மே மாதத்துக்குள் உழுது நடாவிட்டால் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொந்தக்காரரான பிரெஞ்சுக் கிழவர் சொல்லியிருந்தார்.

கிழவரிடமே ஒரு பழைய உழவு இயந்திரம் விலைக்கு இருந்தது. துருவேறிய, அழகில்லாத இயந்திரம். இடப்பக்க பிரேக் இழுக்கும், பற்றரி மாற்ற வேண்டும் என்று அதன் குறைகளை அவரே வரிசையாகச் சொன்னார். சரசக்காவுக்கு அது பிடித்துவிட்டது.

"குறையைச் சொல்லி விக்கிற ஆள், தம்பி. இதை எடுப்பம்," என்றார்.

கூடப் போயிருந்த நான்தான் தடுத்தேன். லா கூர்னெவில் கராஜ் வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவரிடம் நல்ல மெசின் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதக் கை கூசுகிறது.

அங்கே போனோம். புதுச் சிவப்புப் பூச்சு மினுங்கியது. அதன் வாசம் கராஜ் முழுவதும் அடித்தது. கராஜ்காரர் எல்லா விபரத்தையும் என்னிடமே சொன்னார். வாங்க வந்தவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. எனக்கு உழவு இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

சரசக்கா எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தார்.

"இது சூடாக் கிடக்கு. நாங்கள் வர முன்னம் ஏன் ஓட்டினனீங்கள்?"

"உங்களுக்குச் சுகமா ஸ்டார்ட் வரட்டும் எண்டுதான் அக்கா."

"குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தால்தானே அதின்ரை குணம் தெரியும்?" பிறகு குனிந்து கால்மிதியைத் தடவினார். "மீற்றர் கொஞ்ச மணித்தியாலந்தான் ஓடினதாக் காட்டுது. கால்மிதி தேஞ்சு வழுவழுத்துப் போச்சு. இது எப்பிடி?"

கராஜ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற சிரிப்பு அது. நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பு வாய்க்குள் கசக்கிறது.

"விடுங்கோ அக்கா. எங்கடை ஆள்தானே, ஏமாத்தமாட்டார்," என்றேன்.

அவர் கால்மிதியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். என் முகத்துக்காக வாங்கினார்.

வாங்கிய மூன்றாம் கிழமை, பாதி நிலம் உழுதபோது அது நின்றுவிட்டது. நான் போனபோது ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துக் காட்டினார். பால் விட்ட கோப்பிபோலக் கலங்கல் சொட்டியது. எஞ்சினின் உடலில் வெடிப்பு, ஒயிலில் தண்ணீர். வெடிப்பின்மேல் எதையோ அப்பி, அதற்கு மேல் பூச்சு அடித்திருந்தார்கள்.

கராஜ்காரர், "பழசு எண்டால் அப்பிடித்தான்," என்றார். லாச்சப்பலில் பெரிய மனிதர்கள் சிலரிடம் முறையிட்டோம். "எங்கடை ஆக்களுக்குள்ளை பிரச்சினை வேண்டாம் பிள்ளை. வெளியிலை தெரிஞ்சால் வெக்கம்," என்று சரசக்காவுக்கே புத்தி சொன்னார்கள். அதற்குள் கிழவரின் இயந்திரமும் விலைப்பட்டுவிட்டது. கிழவர் மனமிரங்கி மீதி நிலத்தைத் தன் மருமகனைக் கொண்டு உழுவித்துக் கொடுத்ததால் குத்தகை தப்பியது.

அந்த மாரிக் குளிரில் கராஜ்காரர் வெட்கமில்லாமல் ஓர் ஆலோசனை சொன்னார்: இன்னொரு முறை பூச்சு அடித்தால் யாருக்காவது தள்ளிவிடலாம். பொண்டி என்ற புறநகரிலிருந்து, தோட்டம் தொடங்க இருந்த ஓர் இளம் தம்பதியை அவரே அனுப்பியும் வைத்தார். சரசக்கா அவர்களை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் அந்தக் கம்பியை இழுத்துக் காட்டினார்.

"இதைப் பாருங்கோ. இதை வாங்காதேங்கோ. ஆர் வித்தாலும் முதல் இதை இழுத்துப் பாத்திட்டு வாங்குங்கோ."

மறுநாள் அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வசந்தத்தில் தன்னந்தனியாகப் போய் வேறொன்று வாங்கினார். வாங்கி முடித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்.

"இந்த முறை உங்களைக் கூப்பிடேல்லை, தம்பி."

கோபமில்லாமல் சொன்னார். அதுதான் சுட்டது. அதற்குப் பிறகும் தன் மரக்கறியை எங்கள் கடைக்கே கொண்டுவந்தார். பழையதை ஒருநாளும் குத்திக்காட்டவில்லை.

இறுதிச் சடங்கன்று மண்டபத்தில் ஆகப்பெரிய மலர்வளையம் கராஜ்காரருடையது. ஒலிவாங்கியையும் அவரே பிடித்தார். "அக்காவின்ரை தோட்டத்துக்கு அத்திவாரம் போட்டதே நான் எடுத்துக் குடுத்த மெசின்தான்," என்று கண்ணைத் துடைத்தார். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மதுரா எழுந்தாள்.

"பொய்," என்றாள்.

"பிள்ளை கவலையிலை கதைக்குது," என்று யாரோ சமாளித்தார்கள். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. எழுந்தேன்.

"பிள்ளை சொல்லுறது சரி. அந்த மெசின் உடைஞ்சது எண்டு தெரிஞ்சுதான் இவர் வித்தவர். அக்கா சந்தேகப்பட்டவ. வாங்கச் சொல்லி அவவின்ரை வாயை அடைச்சது நான்."

கராஜ்காரர் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டுப் பக்கக் கதவால் போனார். அவர் பின்னால் ஒருவரும் போகவில்லை. எனக்கும் ஒருவரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் இன்னும் கூசியிருப்பேன். இதையெல்லாம் நினைவு மலரில் எழுதச் சொன்னவள் மதுராதான்.

பெட்டியை மூடுமுன் கடைசியாகப் பார்க்கப் போனேன். முகத்துக்குப் பவுடர் பூசி, நல்ல பட்டுச்சேலை உடுத்தியிருந்தார்கள். கைகளையும் சுத்தம் செய்ய வந்தவர்களை மகள் மறித்துவிட்டாளாம். நகக்கண்களில் தோட்டத்து மண் அப்படியே இருந்தது.

போயிட்டு வாங்கோ, அக்கா.