மேலகரத்து ஹவில்தாரின் பிங்

மோடம் மாட்டுகிறவனின் நேரத்தில் பாதி, மோடம் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஃபைபர் லைன் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் பத்து வருஷமாக இருக்கிறேன். அரிசி மூட்டைக்குப் பின்னால், ஃபிரிட்ஜின் தலையில் பூப்போட்ட துணிக்கு அடியில், சாமி படங்களுக்கு நடுவே என்று பல இடங்களில் அதைக் கண்டெடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஆட்டத்தின் நடுவில் "நெட்டு போச்சு" என்று கத்தி, நீங்கள் கைவேலையைப் போட்டுவிட்டு மோடத்தை அணைத்துப் போட ஓடியிருந்தால், நீங்களும் நானும் ஒரே கட்சி. போன சீசனில் நான் அதிகம் படியேறிய ஒரு வீட்டைப் பற்றிய குறிப்புகள் இவை. நடுவில் அச்சன்புதூர்க்காரர் ஒருவரும் வருவார். அவரைத் தவிர்க்க முடியவில்லை.

ட்ரங்குப் பெட்டி

"கேம் ஆடும்போது நின்னு நின்னு வருது" என்று மேலகரத்திலிருந்து கம்ப்ளைண்ட். வீட்டுக்காரர் சங்கரபாண்டியன், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் அவரும் அவர் மனைவி கோமதி அக்காவும்தான். "ஆடுறது யாரு அண்ணாச்சி?" என்றேன். "நாந்தான்" என்றார், ரேஷன் கார்டில் பெயர் கேட்டவனுக்குச் சொல்வதுபோல.

மோடத்தைக் கேட்டதும் கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு ட்ரங்குப் பெட்டி ஒன்றை இழுத்தார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் பட்டாள நம்பரும். பக்கவாட்டில் போட்ட ஓட்டை வழியாக வயர்கள் உள்ளே போயிருந்தன. பூட்டைத் திறந்தார். உள்ளே, மடித்த கம்பளியின் மேல், மோடம் பச்சை விளக்குகளோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நான்கு அந்துருண்டைகள். சாரல் தொடங்கிவிட்டால் இந்தப் பக்கம் தீக்குச்சி உரசாது, பீரோவுக்குள் சட்டை பூஞ்சை பிடிக்கும். மின்சாமான் நமுத்துப்போகாமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு அது.

இரும்புத் தகடு சிக்னலை வெளியே விடாது என்று சொல்லி, மோடத்தை எடுத்து ஹால் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே மாட்டினேன். தொட்டால் சுட்டது. அண்ணாச்சி காலிப் பெட்டியை மூடிப் பூட்டினார். பிறகு அதற்காகப் பரிந்து பேசுகிறவர்போலச் சொன்னார்: "இருவத்துநாலு வருசம் இதுக்குள்ள வச்ச சாமான் ஒண்ணுகூடக் கெட்டதில்ல தம்பி."

சுடுவதும் விழுவதும்

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை ஆட்டத்தையே காட்டினார். மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட். துப்பாக்கிச் சண்டை, நான்கு பேர் ஓர் அணி. நால்வரும் ஒரே யூனிட்டில் இருந்தவர்கள். ஒருவர் நாகர்கோவிலில், ஒருவர் கோலாப்பூரில். தலைவர் பாலக்காட்டில் இருக்கும் சுபேதார். அவர்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர், இன்றைக்கும் மற்ற மூவருக்கும் அவர் 'சாப்'தான், பட்டாளத்து 'ஐயா'. தினமும் மாலை ஐந்தரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு நால்வரும் கூடிவிடுவார்கள். பின்னால் வரும் எதிரியைப் பார்த்துக்கொள்வது அண்ணாச்சியின் பொறுப்பு. பட்டாளத்திலும் அவருக்கு அதுதானாம்.

மூன்று வாரமாக அந்தப் பின்காவல் சரியில்லை. இவர் திரை உறைந்துவிடுகிறது. மற்றவர்களின் திரையில் இவர் சிலைபோல நிற்கிறார், எதிரி இவரைத் தாண்டிப் போய் மூன்று பேரையும் முதுகில் சுடுகிறான். வருகிற ஞாயிறு மாலை நாசிக்கில் இருக்கும் வேறொரு பழைய யூனிட்காரர்களோடு போட்டி. அன்றைக்கும் திரை நின்றால் இவருக்குப் பதிலாகக் கோலாப்பூர்க்காரரின் மச்சானைச் சேர்த்துக்கொள்வதாக சாப் சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் மெல்லிய குரலில்தான் சொன்னார். அடுப்படியில் இருந்த அக்காவுக்கு விஷயம் தெரியாது.

நான் வேகத்தைச் சோதித்து, நூறு எம்பிபிஎஸ் வருகிறது என்று பெருமையாகக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. திரையின் மூலையில் இருந்த இன்னொரு எண்ணைத் தொட்டுக் காட்டினார். அதன் பெயர் பிங். நாம் தட்டியது ஆட்டம் நடக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம். நாற்பது மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது. அவருக்கு முந்நூறு, நானூறு என்று ஏறி இறங்கியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் பதினோரு வீட்டு வைஃபை ஒரே அலைவரிசையில் நெருக்கிக்கொண்டிருந்தது. டேப்லெட்டைக் கூட்டமில்லாத ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினேன். மோடம் இருக்கும் ஹாலிலேயே உட்கார்ந்து ஆடச் சொன்னேன். எண் முப்பத்தாறுக்கு இறங்கியது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்பீடெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி, நான் சுடுததும் அவன் விழுததும் ஒரே நேரத்துல நடக்கணும், அவ்வளவுதான்."

அச்சன்புதூர்க்காரர்

அங்கிருந்து கிளம்பி அச்சன்புதூர் போனேன். நெல் விவசாயி. அவருடைய மகன் விளையாட உட்காரும்போதெல்லாம் கேம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கி ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறதாம். ஆள் தூங்கும் நேரத்தில் அது தானாக நடந்திருக்க வேண்டுமே என்று மோடத்தின் பதிவைப் பார்த்தேன். தினமும் இருட்டியதும் மோடம் அணைந்திருக்கிறது. வயலில் பம்புசெட்டை நிறுத்திவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் அதே கையோடு மோடத்தையும் நிறுத்திவிடுகிறார். அணைக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "தண்ணி பாய்ச்சாத நேரத்துல மோட்டார ஓடவிட்டா தேஞ்சிராதா?"

ஐந்தரை மணி

புதன்கிழமை அண்ணாச்சியிடமிருந்து மறுபடியும் போன். காலையில் முப்பத்தாறு, மத்தியானம் முப்பத்தாறு, மாலை ஐந்தரைக்கு நானூறு. எங்கள் ஆபீஸில் போன் எடுப்பது இசக்கியம்மாள். அவள் கம்ப்யூட்டரில் அந்த லைனின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "லைன்ல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அஞ்சரைக்கு அந்த வீட்லருந்து என்னத்தையோ மூட்ட மூட்டயா வெளிய ஏத்துதாவ" என்றாள்.

ஐந்தேகாலுக்குப் போய் வாசலில் நின்றேன். அப்போதுதான் கேட்டில் தொங்கிய அட்டையைக் கவனித்தேன்: சீசனுக்கு மாடி வாடகைக்கு விடப்படும், வெந்நீர், வைஃபை உண்டு. கோமதி அக்காவின் கையெழுத்து. வருஷா வருஷம் ஒரே சிவகாசிக் குடும்பம்தான் வந்து பத்து நாள் தங்குகிறது, பன்னிரண்டு பேர். இந்தத் தடவை வந்தது முந்தின நாள்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஐந்தரைக்கு வேனில் வந்து இறங்குகிறார்கள். ஈரத் தலையோடு படியேறும்போதே ஒவ்வொருவர் போனும் அந்த நாளின் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பத் தொடங்கிவிடுகிறது.

வீட்டு லைனில் வருகிற பாதை அகலம், போகிற பாதை குறுகல். பன்னிரண்டு அருவிகள் அந்தக் குறுகல் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும்போது, 'சுட்டேன்' என்று அண்ணாச்சி அனுப்பும் துளிச் செய்தி வரிசையின் கடைசியில் நிற்கிறது. இதை நான் விளக்கி முடித்ததும் அண்ணாச்சி மாடியை அண்ணாந்து பார்த்தார். அக்கா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அருவியில நின்னுட்டு வந்தவுக போட்டோ அனுப்பாம, ஒங்கள மாரி ஆளச் சுட்டுக்கிட்டா இருப்பாவ?"

யார் முதலில்

மாடிக்கு வைஃபை கிடையாது என்று சொல்லிவிடலாம் என்றார் அண்ணாச்சி. அப்படிச் சொன்னால் அடுத்த வருஷம் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்வார்கள் என்றாள் அக்கா. அட்டையில் எழுதியதை அழிக்க முடியாது என்றும் சொன்னாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்தப் பார்வை உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். கணவன் மனைவிக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரோடு நிற்பதற்கு எங்களுக்கு எந்தப் பயிற்சியும் தருவதில்லை.

இரண்டு காரியம் செய்தேன். மாடிக்கென்று தனிப் பெயரில் ஒரு வைஃபை, தனி பாஸ்வேர்டு. வெளியே அனுப்பும் வேகத்துக்கு மட்டும் ஒரு வரம்பு. போட்டோ போகும், கொஞ்சம் மெதுவாக. அடுத்தது, வீட்டிலிருக்கும் சாதனங்களில் யாருக்கு முன்னுரிமை என்ற பட்டியல். மோடத்தின் செட்டிங்ஸ் திரை அதை ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கேட்கும். டேப்லெட் ஒன்று என்று அண்ணாச்சி உடனே சொன்னார். அக்காவின் போன் மூன்றாவதாகப் போயிற்று, டிவிக்கும் அடுத்தபடி. துபாயில் இருக்கும் மகளோடு அவள் பேசுவது அந்தப் போனில்தான். அதை இரண்டுக்கு ஏற்றினேன். அக்கா போதாது என்றாள். மகள் கூப்பிடுவது இரவு எட்டுக்கு, ஆட்டம் முடிவது ஏழுக்கு, இரண்டும் மோதாது என்று கணக்குக் காட்டினேன். திரையிலிருந்த வரிசையைப் படித்துவிட்டு அக்கா சொன்னாள்: "கல்யாணமாகி முப்பது வருசத்துல எனக்கு எத்தனாவது எடம்னு இன்னைக்குத்தான் எழுத்துல பாக்கேன்."

நனையாத துண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே அண்ணாச்சி என்னை வரச் சொல்லிவிட்டார். அன்று மலையில் பலத்த மழை. மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம். போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிட்டது. சிவகாசிக்காரர்கள் போன வேகத்தில் திரும்பி வந்து, நனையாத துண்டுகளைத் தோளில் போட்டபடி மாடியேறினார்கள். பன்னிரண்டு பேர், செய்வதற்கு ஒன்றுமில்லை, பன்னிரண்டு போன். சாலையில் வெள்ளம் ஓடுவதை எல்லோரும் படம் பிடித்து வந்திருந்தார்கள். அக்கா அவர்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. ஹெட்போன் மழையீரத்தில் கரகரத்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். திரையின் ஓரத்தில் நான்கு பெயர்கள், பக்கத்தில் நான்கு எண்கள். அண்ணாச்சியின் எண் முப்பத்துநாலு. நான் மாடிச் சத்தத்தையும் அந்த எண்ணையும் மாறி மாறிக் கவனித்தேன். முப்பத்துநாலு, முப்பத்தைந்து, முப்பத்துநாலு. பத்து வருஷத்தில் இவ்வளவு ஒழுங்கான லைனை நான் பார்த்ததில்லை.

திரையில் மற்ற மூவரும் ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அண்ணாச்சி வாசலில் திரும்பி நின்றார். மதிலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்தார், அவர் கண் அவனோடு நகர்ந்தது. கட்டைவிரல் மட்டும் போகவில்லை. எங்கே அழுத்துவது என்று கண்ணாடித் திரைமேல் ஒரு கணம் தேடியது. அதற்குள் அண்ணாச்சி விழுந்துவிட்டார். அடுத்த நிமிஷத்தில் மற்ற மூவரும்.

மாடியில் யாரோ சிரித்தார்கள். திரையில் அணியின் பட்டியல் வந்தது: அண்ணாச்சியின் பெயர், பக்கத்தில் பச்சையில் முப்பத்துநாலு. இந்தப் பட்டியல் இவருக்கு மட்டும் தெரிவதா என்று பார்த்தேன். இல்லை, நால்வருக்கும் ஒரே பட்டியல்தான். பாலக்காட்டிலும் நாகர்கோவிலிலும் கோலாப்பூரிலும் அதே முப்பத்துநாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானின் பெயரைச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சாப் தொண்டையைச் செருமிக்கொண்டு, மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: "பாண்டி, உன்டெ நெட்டு இன்னும் செரியாயில்ல, அல்லே? சாரமில்ல, பரவாயில்ல, மெல்லச் செரியாக்கு. அடுத்த ஞாயிறும் பின்னால நீ தன்னே."

மூடாத கம்ப்ளைண்ட்

"ஆமா சாப், இன்னும் சரியாவல" என்றார் அண்ணாச்சி. ஸ்பீக்கரை அணைத்தார். பிறகுதான் பக்கத்தில் நான் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. நான் மோடத்தின் விளக்குகளைச் சோதிப்பதுபோல எழுந்து போனேன். அக்கா எங்கள் இருவருக்கும் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு, "செயிச்சாச்சா?" என்று கேட்டாள். "நெட்டு" என்றார் அவர். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஒரு வீட்டில் வேலை முடிந்தால், வாடிக்கையாளர் போனுக்கு வரும் ஓடிபி எண்ணை வாங்கி எங்கள் ஆப்பில் போட்டுக் கம்ப்ளைண்டை மூடிவிட வேண்டும். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே எண்ணைக் கேட்டேன். அண்ணாச்சி போனை எடுத்தார், பார்த்தார், திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாரலில் கேட் வரைக்கும் கூடவே வந்து, மாடிக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அதை மூடிராதீங்க தம்பி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

எங்கள் ஆபீஸ் பட்டியலில் இன்றுவரை தீராமல் கிடக்கும் ஒரே கம்ப்ளைண்ட் அது, இத்தனை வருஷத்தில் நான் முழுசாகச் சரிசெய்த ஒரே லைனும் அதுதான்.