மருந்துக்குக் கட்சி தெரியாது

எங்கள் தெருவில் தேர்தல் முடிந்தாலும் தேர்தல் முடியாது. சுவரில் ஒட்டியதை ஆடு தின்றுவிடும். செல்போனில் வந்ததை எந்த ஆடு தின்னும்?

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துகிறவள். ஆலைக்கு எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் பேர். என்னோடு அதே ரூமில் வேலை பார்ப்பவள் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட இளையவள், என்னை மதினி என்பாள். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவோம். அவள் வீட்டுக்காரர் ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். என் வீட்டில் பரம்பரையாக அதற்கு எதிரான கட்சி. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்களே, அப்படி ஓட்டும் வேறு என்று வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம்.

இந்தத் தேர்தலுக்குப் பிறகு அவள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டாள். எங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் துட்டுக்கு விலைபோன மாடுகள் என்று அதில் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் பதில் போட்டார். அவள் வீட்டுக்காரர் அதற்கு மேல் போட்டார். மறுநாள் வேனில் அவள் முன் சீட்டுக்குப் போய்விட்டாள். பேச்சு நின்றது.

மற்ற வேலையில் பேசாமல் இருக்கலாம். எங்கள் வேலையில் முடியாது. மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒருத்திக்குப் பின்னால் போனால், “பின்னால” என்று சத்தம் கொடுக்கவேண்டும். அது எழுதாத சட்டம். அன்றைக்கு அவள் சத்தம் கொடுக்கவில்லை. சத்தம் கொடுத்தால் பேசின மாதிரி ஆகிவிடுமே! நான் திரும்பினேன். முழங்கை தட்டில் இடித்தது. தரையெல்லாம் மருந்து.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போர்மேன் பார்த்துவிட்டார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

“உங்களுக்குக் கட்சி இருக்கு. மருந்துக்குக் கட்சி தெரியாது. பேசாத ரெண்டு பேரை ஒரே ரூம்ல வைக்க எனக்குத் தெம்பு இல்லத்தா. நாளையில இருந்து நீ ஏழாயிரம்பண்ணை யூனிட்டுக்குப் போயிரு” என்றார் அவளிடம்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த யூனிட் வேன் விடியுமுன்னே வந்துவிடும். அவள் மாமியார் படுத்த படுக்கை. காலையில் துடைத்து, கஞ்சி ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்துவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். அங்கே போகச் சொல்வதும் வேலையை விடச் சொல்வதும் ஒன்று.

“கொஞ்ச நேரம் கொடுங்க அண்ணாச்சி” என்றேன். எனக்கே அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று இருந்தது.

“ரூமைக் கழுவி முடிக்கிற வரைக்கும்தான்” என்று போனார்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். செல்போன் எல்லாம் வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்திதான் பார்க்கவேண்டும்.

அவள்தான் தொடங்கினாள். “எங்க சின்ன மாமனாருக்குத் தீக்காயம் பட்டுச்சுல்ல மதினி…”

“அதுக்கும் மாடுன்னு சொன்னதுக்கும் என்ன தாயி…”

“மருந்து செலுத்துதேன் மதினி” என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். மருந்து செலுத்துகிறவள் கை ஓயும்வரை எங்கள் ரூமில் “பின்னால” தவிர வேறெதற்கும் யாரும் வாய் திறக்கமாட்டோம். அந்தப் பழக்கம் மரத்தடிக்கும் வந்துவிட்டது.

சின்ன மாமனாருக்காக நஷ்டஈடு கேட்டு மனு எழுதி, சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்ததைச் சொன்னாள். சொந்தக்காரன் ஒருத்தன் கூட வரவில்லையாம். இப்போது அவர்கள் இருக்கிற கட்சிக்காரர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்து வெயிலில் நின்றாராம். “அந்த வெயிலுக்குத்தான் மதினி நாங்க அங்கன இருக்கோம்.”

“மனு என்னாச்சு?”

“இன்னும் சூலக்கரையிலதான் இருக்கு.”

அப்புறம் என் முறை. எங்கள் ஆத்தாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு பொம்பளையை மேடையேற்றி, கையில் மைக்கைக் கொடுத்தது எங்கள் கட்சிதான். அந்தப் பொம்பளை எங்கள் ஆத்தா. அதை எப்படி விடுவது?

“என்ன பேசுனாக?”

“என்னத்தப் பேசுனா! ‘தண்ணி வரல’ன்னா. இறங்கிட்டா.”

“வந்துச்சா?”

“இன்னைக்கு வரைக்கும் வரல.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் அசதி. ராமன் ஆண்டாலென்ன, ராவணன் ஆண்டாலென்ன என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் அது பொய். எங்கள் இருவருக்கும் யார் ஆண்டால் என்ன என்று இல்லை. அதுதானே சிக்கல்.

“அந்தப் படத்தைப் படிச்சுட்டா போட்ட?” என்று கேட்டேன்.

“படிச்சுத்தான் போட்டேன் மதினி. உங்களை நெனச்சுப் போடல. உங்களை நெனச்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்.”

இது மன்னிப்பா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும் என்றிருந்தது.

போர்மேன் வந்தார். “என்னத்தா, ராசியாயிட்டீகளா?”

“ராசியெல்லாம் இல்ல அண்ணாச்சி” என்றாள் அவள். “பேசிக்கிடுவோம்.”

அவர் என்னைப் பார்த்தார். “அவ இங்கனயே இருக்கட்டும்” என்றேன். “சத்தம் கொடுப்பா. கொடுக்கலைன்னா நான் கேட்டு வாங்குவேன்.”

“எம்புட்டு நாளைக்கு?” என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். அவள் ஏழாயிரம்பண்ணைக்குப் போகவில்லை.

வீட்டுக்காரர்கள் இன்னும் முறைத்துக்கொண்டுதான் திரிகிறார்கள். அவள் கட்சி அவளுக்கு, என் கட்சி எனக்கு. நேற்று மத்தியானம் கூட, சோற்றுத் தூக்கைத் திறந்தேனோ இல்லையோ, “மதினி, உங்க கட்சி ஆளு பேசுனதைக் கேட்டீகளா? கோவப்படாம நான் சொல்லுறதைக் கேக்கணும்” என்று வந்து நின்றாள். காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. பசி வேறு.

தூக்கை மூடி வைத்தேன். “உக்காரு. சொல்லு” என்றேன்.