தானாகத் திறந்த கதவு

எண்பதுகளில், தச்சுவேலை செய்துகொண்டிருந்த நான், வேங்கிக்கால் என்ற ஊரில் ஓர் அம்மாவுக்கு பிளைவுட் அலமாரி செய்து கொடுத்தேன். மேசைமேல் கிடத்திய பலகையில் நேர்ச்சட்டம் பிடித்து, அதையொட்டி மின்ரம்பத்தை ஓட்டியும், பக்கப் பலகை ஒன்று கோணலாகிவிட்டது. மூடிய கதவு மெல்லத் தானாகத் திறந்துகொண்டது.

மறுவாரம் சரிசெய்யப் போனேன். அந்த அம்மா, இறந்துபோன தன் கணவரின் சட்டைகளை உள்ளே மாட்டியிருந்தார். என் கண்ணெதிரே கதவு திறந்தது.

"வந்துட்டீங்களா?" என்று அதனிடம் கேட்டார்.

நான் குனிந்து அந்தப் பக்கப் பலகையைத் தடவிப் பார்த்தேன்.

"என் தப்பும்மா, பலகை கோணலா போச்சு" என்று சொல்லி, வேறு பலகை வெட்டி, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, கோணலில்லாமல் பொருத்தினேன். மூடிய கதவு அதன்பிறகு அசையவில்லை.

அதன் எதிரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு ஏம்பா இன்னிக்கு வரல?"

அந்தப் பலகையைச் சரியாக வெட்டியதற்காக இன்றும் வருந்துகிறேன்.