பழைய நேரம் காட்டிய கடிகாரம்

தோக்கியோ நேரப்படி காலை மணி ஒன்பது. சூரியனைக் கேட்டிருந்தால் ஏழரை என்றிருக்கும். மலாயாவின் செடெனாக் தமிழ்ப்பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, என் வகுப்புப் பெஞ்சின் மேல் வரிசையாக வைத்திருந்த செருப்புகள். அடுத்த பெஞ்சில் இரண்டு வெற்றிலைப் பெட்டி, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கைக்கடிகாரம். ஒவ்வொன்றின் அருகிலும் எண் எழுதிய சீட்டு.

மூன்று நாள் முன்பு சந்தையில் யாரோ குண்டு வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. உடல்களை உடனே புதைத்துவிட்டார்கள். உறவினர் அடையாளம் காட்டுவதற்காகப் பொருள்களை மட்டும் பரப்பியிருந்தார்கள். அன்று சந்தைக்குக் கிளம்பிய மாமா திரும்பவில்லை. அத்தைக்கு மணி பார்க்கத் தெரியாது. எட்டு வயதான எனக்குத் தெரியும், மாமா கற்றுக்கொடுத்திருந்தார். அதனால் அத்தை என்னை அழைத்து வந்திருந்தார்.

கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க ஜப்பானியர் உத்தரவிட்டபோது மாமா கேட்கவில்லை. "மொதல்ல சூரியன் அவன் பேச்சக் கேக்கட்டும், அப்புறம் நான் கேக்குறேன்" என்பார். ஊரிலேயே பழைய நேரம் காட்டுவது அவர் கடிகாரம் ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன்.

பெஞ்சில் இருந்ததற்கு வார் எரிந்துபோயிருந்தது. முள் எட்டு ஐந்தில் நின்றிருந்தது. குண்டு வெடித்தது தோக்கியோ நேரம் ஒன்பது முப்பத்தைந்து. கணக்குச் சரியாக வந்தது.

"அத்தை, இது மாமாவோடது. பழைய நேரம் காட்டுது."

"நல்லாப் பாரு பாப்பா."

"பாத்துட்டேன்."

சரியான விடை சொன்ன பெருமை எனக்கு. பொருள்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தோட்டத்துக் கிராணி கடிகாரத்தை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. கடிகாரம் இருந்து காலியான இடத்தைத் தாண்டிக் கடைசிப் பெஞ்சு வரை பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரோட சாமான் ஒன்னும் இல்லைங்க. உசுரோடதான் இருக்காரு" என்று கிராணியிடம் சொல்லிவிட்டு, குழந்தைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டே வெளியேறினாள்.

பதினாறாம் நாள் அத்தையின் தாலி இறங்கியது.

இரண்டு மாதம் கழித்து மாமா வந்து வாசலில் நின்றார். சந்தைக்குப் போகும் வழியிலேயே ஜப்பானியர் பிடித்து, ரோடு போடும் வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அத்தையின் கழுத்தைப் பார்த்தார்.

"என்னா இது? எவன் செத்தான்?"

அவர் மணிக்கட்டில் அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை அழவில்லை, சிரிக்கவுமில்லை. பெட்டியில் இருந்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, கிராணியிடம் விலாசம் கேட்டு, அன்று பள்ளியில் எங்களுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். மாமா வந்த நாளில் எதற்கு இந்த ஓட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

"புருசன மூவார்ல பாத்ததா யாரோ சொன்னாங்களாம். புள்ளையத் தூக்கிட்டுத் தேடிப் போயிட்டா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அத்தை கடிகாரத்தைக் கிராணியிடமே திருப்பிக் கொடுத்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் குண்டில் இறந்தவர்களின் நினைவாக அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் முள் எட்டு ஐந்தில் நின்றிருந்தது. கீழே அட்டையில் இரண்டு வரி: உரியவர் பெயர் தெரியவில்லை. இதைக் கேட்டு எவரும் வரவில்லை.