எழுதாமல் விட்ட பெயர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் செலீனை எல்லோரும் மிட்வைஃப் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக அந்தத் தெருக்களில் குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, ஊசித் திகதி சொல்லிக்கொண்டு திரிந்தவள். சின்னமுத்து என்ற தட்டம்மை பரவிய அந்த வருடம் பாலர் பாடசாலைகளைப் பூட்டினார்கள். பத்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்னொரு ஊசி போடச் சொல்லி உத்தரவு வந்தது. வீடு வீடாகப் போய்ப் பெயரும் விலாசமும் எழுதித் துண்டு கொடுப்பது செலீனின் வேலை. துண்டு இருந்தால்தான் கிளினிக்கில் ஊசி.

மயிலம்மா வீட்டு மேல்மாடியில், சண்டை நடந்த கிளிநொச்சியிலிருந்து வந்த கௌரி, நான்கு வயது மகள் நிரோஜாவோடு வாடகைக்கு இருந்தாள். சுவிஸில் இருந்த கணவனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தாள். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு காலாவதியாகி இரண்டு கிழமை ஆகியிருந்தது.

"மிஸ், இதுகளின்ரை பேரை எழுதாதேங்கோ," என்றாள் மயிலம்மா. "லிஸ்ட் பொலிசுக்குப் போகுதாம். பிறகு வீட்டுக்காரி எண்டு என்னையும் சேர்த்துத்தான் விசாரிப்பாங்கள்."

கௌரி படியில் நின்றாள். "பேர் எழுதாமல் ஊசி மட்டும் போடேலாதோ மிஸ்?"

செலீனின் பையில், வீடு மாறிப் போய்விட்ட ஒரு குடும்பத்துக்கு எழுதிய துண்டுகள் மூன்று கிடந்தன. ஒன்றைக் கொடுத்திருக்கலாம். பிடிபட்டால் வேலை போகும். தமிழச்சி என்பதால் வேலையோடு மட்டும் நிற்காது என்றும் நினைத்தாள்.

"பார்ப்போம். நாளைக்கு வாறேன்," என்றாள்.

போகவில்லை. அவர்களுடைய நன்மைக்காகத்தான் எழுதாமல் விட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது.

ஐந்து கிழமை கழித்து மயிலம்மாவே தேடி வந்து கூட்டிப்போனாள். ஜன்னல் சாத்திய அறையில் நிரோஜா காய்ச்சலில் கிடந்தாள். உடம்பெல்லாம் பொரிந்திருந்தது, இரண்டு காதாலும் சீழ் வடிந்தது. சோதனைச் சாவடிக்குப் பயந்து கௌரி ஆறு நாளாகப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை.

செலீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலர் பிடித்துக் கௌரியையும் ஏற்றினாள். சந்தியில் ஆமிக்காரன் மறித்தான்.

"மே மகே நங்கி, மல்லி. நங்கிகே துவ," என்றாள் சிங்களத்தில். இது என் தங்கச்சி, தம்பி. இது அவளுடைய மகள்.

அவன் செலீனின் வெள்ளைச் சீருடையையும் பிள்ளையின் முகத்தையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு சுலபமாக வாயில் வந்த அந்தப் பொய்தான் செலீனை வழி முழுக்க அரித்தது.

பிள்ளை பிழைத்தாள். ஆனால் ஒரு காது முழுதாகவும் மற்றது பாதியும் கேட்காமல் போய்விட்டன. செலீன் எழுதிய பட்டியலைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. அது அலுவலக அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

வார்டில் வைத்து அவள் கௌரியிடம் சொன்னாள். "அன்னைக்கு எங்கிட்ட வேற துண்டு இருந்திச்சு. தந்திருக்கலாம். பயத்துல தரல்ல."

கௌரி பிள்ளையின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கோபப்படவில்லை.

"நீங்கள் வருவியள் எண்டு அடுத்த நாள் இவளைச் சட்டை போட்டு வெளிக்கிடுத்தி வைச்சிருந்தனான். பின்னேரம் வரைக்கும் சப்பாத்தைக் கழட்ட விடேல்லை."

அந்த மாதமே செலீன் அக்கம்பக்கத்து லொட்ஜுகளுக்குப் போய், பதிவில்லாத பதினொரு பிள்ளைகளுக்குத் தன் சொந்த விலாசத்தை எழுதித் துண்டு கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று பட்டது.

மாசியில் கௌரிக்கு விசா வந்தது. வழியனுப்ப, பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு செலீன் போனாள். மயிலம்மா கதவடியிலேயே நின்றாள்.

"கௌரி குளிக்கிறாள் எண்டு சொல்லச் சொன்னவள் மிஸ்," என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.

மேல்மாடியில் கௌரி மகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு உரத்து, பிறகு இன்னும் உரத்து. செலீன் சட்டைப் பொதியை மயிலம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.