ஆழத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது

சுகந்தி இறந்துபோன செய்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில்தான் வந்தது. ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். நம் கல்லூரி வகுப்பு நண்பர்களின் 'கல்லு குரூப்' வாட்ஸ்அப்பில் பூவத்து முருகேசன் ஒரு குரல் பதிவு போட்டிருந்தான். வழக்கம்போல ஏதாவது கேலியாக இருக்கும் என்று காதில் வைத்தேன். "நம்ம சுகந்தி போயிட்டாப்பா. டெங்குவாம். ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சிருச்சாம்" என்று சொல்லிவிட்டு அழுதான். "இன்னாலில்லாஹி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனசுக்கு அது எட்டக் கொஞ்ச நேரம் ஆனது. டப்பாவை மூடிவிட்டு, அடுத்த வகுப்புக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவள் ஊரான கிளிஞ்சல்மேட்டுக்குக் கிளம்பினேன்.

முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு அஞ்சலி எழுத உட்கார்ந்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. யார்மேல் கோபப்படுவது, கொசுவின்மேலா? அவள் பக்கத்தில் இருந்திருந்தால், "ஆமாண்டி, போய்க் கொசுகிட்ட நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வா" என்றிருப்பாள். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு.

நம்மில் யாருக்கும் அந்த முதல் செய்முறை வகுப்பு மறந்திருக்காது. கல்லூரி முதலாண்டில் புவி அறிவியல் அறிமுகம் என்று நமக்கு ஒரு பாடம். "நாளைக்கு வரும்போது உங்க ஊர்க் கல்லு ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றார் சார். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்மேல் குடியிருப்பவர்களிடம் கல் கேட்டால் எங்கே போவது? காரைக்காலில் எங்கே தோண்டினாலும் களிமண், இல்லாவிட்டால் மணல். ஆனாலும் விடுவோமா? முருகேசன் அம்மிக்கல்லின் மூலையை உடைத்து எடுத்துக்கொண்டு வந்தான். அதற்கு வீட்டில் வாங்கியும் கட்டிக்கொண்டான். போலகத்திலிருந்து வந்த பெண் ஒரு செங்கல் துண்டைக் கொண்டுவந்தாள். நான் ரயில்பாதை ஓரம் பொறுக்கிய ஜல்லியைக் கழுவித் துடைத்து, உம்மாவின் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் ரயில்லயும் லாரியிலயும் வந்த கல்லு. செங்கல் ஒண்ணுதான் நம்ம மண்ணு. ஆனா அது கல்லே இல்ல" என்றார். வகுப்பே சிரித்தது.

சுகந்தியின் கையில் ஒரு கருங்கல் சில்லு இருந்தது. "இது எங்க கரையில தடுப்புக்குக் கொட்டுனதுங்க சார். அலைக்கு அப்பறம் வந்துச்சு" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. நம் ஊரில் அலை என்று தனியாகச் சொன்னால் அது எந்த அலை என்று யாரும் கேட்பதில்லை. சுனாமியில் அவள் அம்மாவும் தம்பியும் போனார்கள். அரையாண்டு லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் அவள் தப்பினாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

அன்றிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டு முன்னோர்கள் கப்பல் வைத்து வியாபாரம் பார்த்தவர்கள் என்று ஒருநாள் பெருமையடித்துவிட்டேன். வாப்பா துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. "அப்ப கப்பல் எங்கடி? கப்பக்காரி பஸ்ஸுலல்ல வர்றா!" என்றாள். கடைசிவரை நான் அவளுக்குக் கப்பக்காரிதான்.

அவளுடைய அப்பா கலியபெருமாள் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவரைப் பற்றி அவள் பேசமாட்டாள். பேச வேண்டி வந்தாலும் 'அப்பா' என்ற சொல் அவள் வாயில் வராது. "வந்தாங்களான்னு தெரியல", "சாப்பாடு வச்சுட்டு வந்துட்டேன்" என்று ஆளில்லாமல் பேசுவாள். ஒருநாள் கல்லூரி வாசலில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னாள். அலை வந்த அன்று அவர் கடலில் இருந்தார். ஊரே பிணம் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பலகைகூடப் பெயராத படகில், ஐஸ் பெட்டி நிறைய மீனோடு திரும்பி வந்தார். "கடல் சும்மாத்தான் கெடந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல" என்று எல்லோரிடமும் சொன்னார். அவ்வளவு பெரிய அலை அவர் படகைத் தாண்டாமலா கரைக்கு வந்தது? அலையைக் கண்டதும் படகை ஆழத்துக்குத் திருப்பித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எட்டு வயதில் காதில் விழுந்தது அப்படியே உள்ளே தங்கிவிட்டது. "பாத்துட்டு பாக்கலேன்னு சொல்றாங்கடி. அதான் எனக்கு ஆறல" என்றாள்.

சில மாதம் கழித்துச் சார் கடல் அலைகள் பாடத்துக்கு வந்தார். நான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்றால் எழும் அலை வேறு, கடலடித் தரை பெயர்வதால் எழும் அலை வேறு என்று படம் போட்டார். பிறகு, "ஆழக்கடல்ல இந்த அலைக்கு உயரமே கெடையாது. மைல் கணக்குல நீளமா, மெதுவா ஏறி மெதுவா எறங்கும். கரைகிட்ட ஆழம் குறையக் குறையத்தான் எழும்பி நிக்கும்" என்றார்.

சுகந்தி எழுந்து நின்றாள். "அப்ப போட்டுல இருந்தவங்களுக்கு, சார்?"

"ஆழத்துல இருந்தவங்களுக்குத் தெரியாதும்மா."

"கொஞ்சங்கூடவா?"

"படகு ஏறி எறங்குனதே தெரிஞ்சிருக்காது."

"சத்தியமாவா சார்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாடத்துக்குச் சத்தியம் கேட்ட மாணவியைச் சார் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "சத்தியமாம்மா" என்றார். அவள் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு, உத்தரவுகூடக் கேட்காமல் வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பஸ்ஸேறி அவள் வீட்டுக்குப் போனோம். வீட்டு வாசலில் கலியபெருமாள் கிழிந்த வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, ஒக்காரு" என்று எழுந்தார். சுகந்தி அவருக்கு நேரே போய் நின்றாள். "அப்பா" என்றாள். அவர் கையில் இருந்த நூல் கண்டு கீழே விழுந்து உருண்டது. "அப்பா, ஆழத்துல இருந்தவங்களுக்குத் தெரியாதாம்ப்பா. எங்க சார் சத்தியம் பண்ணிச் சொன்னாரு." "அதத்தானம்மா நானும் சொன்னேன்" என்றார், அவ்வளவுதான். குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. அவள் அந்த வலைமேலேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வந்தது என்று தெரியாமலே. அன்று அவர் வாங்கி வந்த வஞ்சிரத்தைச் சுகந்தி உப்பே போடாமல் பொரித்தாள். மூன்று பேரும் முள்ளைத் தவிர மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

ஆண்டுதோறும் அலை வந்த நாளில் அவர்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. எல்லோரும் கரையில் கூடிப் பால் ஊற்றுவார்கள். ஒரு வருடம் நானும் போயிருந்தேன். பால் ஊற்றி முடித்ததும் கலியபெருமாள் மகள் பக்கம் திரும்பி, "ஒங்க சாரு என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டார். அவள் பாடம் முழுவதையும், தரை பெயர்ந்ததிலிருந்து அலை எழும்பியதுவரை, புதிதாகச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள். வருடா வருடம் இது நடக்கும் என்று பிறகு சொன்னாள். "அவருக்கே அவர்மேல நம்பிக்கை பத்தலடி. அடிக்கடி சொல்லணும்."

படிப்பு முடிந்து ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நம் குரூப்பில் யாரைப் பற்றியாவது யாராவது அளந்துவிட்டால் உடனே அவளிடமிருந்து ஒரு வரி வரும்: "நீ அங்க இருந்தியா?" அதற்குப் பயந்தே நம்மில் பாதிப்பேர் வம்பை விட்டோம். முருகேசா, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிளிஞ்சல்மேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கலியபெருமாள் கடலில் இருந்தார். அவர் கிளம்பியபோது அவளுக்கு லேசான உடம்புச் சூடுதான். "நீங்க போங்கப்பா, மாத்திரை போட்டுக்கறேன்" என்று அவளே அனுப்பி வைத்திருக்கிறாள். ஆழக்கடலில் கைப்பேசி எடுக்காது. வயர்லெஸ்ஸில் சொல்லிப் படகைத் திருப்பினார்கள். மறுநாள் காலைதான் வந்து சேர்ந்தார். அவர் உள்ளே நுழைந்தபோது என் பின்னால் ஒரு பெண், "காய்ச்சல்ல கெடந்த பொண்ண உட்டுட்டுத் தொழிலுக்குப் போயிருக்கான் பாரு. அன்னிக்கும் அப்படித்தான்" என்றாள். நான் திரும்பி, "நீங்க அங்க இருந்தீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே சுகந்தியின் குரலாகக் கேட்டது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். துடைப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்தார். "இந்தத் தடவையும் கடல்லதாம்மா இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். நான் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பினேன். அவர் விடவில்லை. "ஒங்க சாரு என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள். நான் சொன்னேன். தரை பெயர்ந்ததிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல், அவள் சொல்கிற மாதிரியே பொறுமையாகச் சொன்னேன். "ஆழத்துல இருந்தவங்களுக்குத் தெரியாதுப்பா" என்று முடித்தேன். "சத்தியமாவா?" என்றார். "சத்தியமாப்பா" என்றேன்.

அவள் கொண்டுவந்த கருங்கல் சில்லு எங்கே போனதோ தெரியாது. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தப் பாடம்தான். இந்த டிசம்பரில் பால் ஊற்றி முடித்ததும் அவர் கேட்பார். நான் கரையில் இருப்பேன்.