அக்காவின் சின்னச் செம்மறிகளும் நம் பெரிய மனிதர்களும்

இந்த நினைவு மலரின் முகப்பில் உள்ள படத்தை நன்றாகப் பாருங்கள். எங்கள் குடும்பத்தில் பலருக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது.

அக்கா தெஹியோவிட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். கிளிநொச்சியில் குடியேறியிருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் காலமானதும் ஊர் திரும்பினார். நகைநட்டோடு வருவார் என்று லொறியைச் சுற்றி நின்ற சொந்தங்களின் முன்னால் இறங்கியவை இரண்டு பெட்டைச் செம்மறிகளும் ஒரு கடாவும். அத்தான் வளர்த்த, வடக்கின் நாட்டு இனம். கம்பளி இல்லாத, சிறிய உடம்பு. கூட்டம் சிரித்தது. முதலில் சிரித்தவர் எங்கள் தாய்மாமா.

எங்கள் பக்கத்து மழை அந்த இனத்துக்கு ஆகாது. குளம்பு அழுகும், அட்டை ஏறும். அம்மா விட்டுப்போன துண்டுக் காணியில் அக்கா பலகைத் தளம் போட்டு உயரமாகக் கொட்டகை அடித்தார். தினமும் குளம்புகளைத் துடைத்து மருந்து பூசினார். ஒரே இரத்தத்தில் குட்டி விழக் கூடாதென்று சில வருடங்களுக்கு ஒருமுறை கிளிநொச்சிக்குப் போய்க் கடாவை மாற்றிக்கொண்டு வந்தார். அவிசாவளைக்கு பஸ்ஸில் போய்வந்தாலே நான்கு நாள் புலம்பும் நம் ஆண்களில் ஒருவர்கூடத் துணைக்குப் போகவில்லை. யோசனை சொல்ல மட்டும் வந்தார்கள்.

"பெரிய ஜாதிக் கெடா ஒன்ன விடு புள்ள. குட்டி ரெண்டு மடங்கு வரும்" என்றார் மாமா.

"வரும் மாமா. அப்புறம் இந்த ஜாதி இருக்காதுங்க" என்றார் அக்கா.

மாமா மகனின் கல்யாணம் வந்தது. அக்கா கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போயிருந்த நாளாகப் பார்த்து, மாமா கயிற்றோடு கடாவைப் பிடிக்க வந்தார். பக்கத்துக் காணிச் சிங்களப் பெண் நந்தா வேலிப் படலையில் குறுக்கே நின்றார். "அக்கா இல்லாம குடுக்க பே, முடியாது மாமே" என்றார். விருந்துக் கறிக்காக வந்த பெரிய மனிதர் வெறுங்கயிற்றோடு திரும்பினார். கல்யாணத்துக்கு அக்காவை அழைக்கவில்லை.

பிறகு ஒருநாள் மிருக வைத்தியர் ஒருவர் வந்தார். கலப்பில்லாத இந்த இனத்தை வடக்கிலேயே இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றார். வளர்ப்புக்கென இரண்டு குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போனார். அடுத்த ஞாயிறே சொந்தங்கள் போன் கெமராவோடு வந்து இறங்கினார்கள். மாமா கடாவை அணைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார்.

தங்கையான என்னையும் நான் விடப்போவதில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்த நாளில் அக்காவிடம் சொன்னேன்: "ஆட்டு வாட அடிக்குது. அன்னிக்கி மட்டும் நீ வராத." அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "சரி புள்ள, நல்லபடியா முடியட்டும்" என்றார். வரவில்லை. அந்தச் சம்பந்தம் கூடியது. அக்காவை விடவும் அந்த மாப்பிள்ளை வீட்டார் எனக்குப் பெரிதாகத் தெரிந்தார்கள். இதைவிடக் கேவலம் ஒன்றை நான் செய்ததில்லை.

கடைசி மூன்று வாரம் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச முடிந்தவரை குளம்பு மருந்தைப் பற்றியே பேசினார். பெட்டி குழியில் இறங்கிய அன்றே முற்றத்தில் மாமாவின் குரல் கேட்டது: "கருமாதிக்கு எறச்சி வெளிய எதுக்கு? அதான் கொட்டகையில நிக்குதே."

"கொட்டகைக்குக் கிட்ட வந்தீங்கன்னா நான் மரியாத பார்க்க மாட்டேன் மாமா" என்றேன். அந்த லொறி வந்த நாளிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

ஓராண்டாகிறது. வேலையை விட்டுவிட்டு அக்காவின் காணியில் இருக்கிறேன். பதினொரு செம்மறிகள் நிற்கின்றன. அடுத்த மாதம் கடா மாற்றக் கிளிநொச்சி போக வேண்டும். யாரும் துணைக்கு வரத் தேவையில்லை.

படலையில் நின்ற, ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தலை வாரிவிட்ட நந்தாவுக்கு எங்கள் நன்றி. மழையில் பெட்டி தூக்கிய தோட்டத்து இளைஞர்களுக்கும் நன்றி. மற்றவர்களைப் பற்றியும் அக்கா ஏதாவது ஒரு நல்ல வார்த்தை தேடிச் சொல்லியிருப்பார். அந்தக் குணம் எனக்கு வரவில்லை.